ஊராட்சிக் கணக்கில் இளைஞருக்கு எத்தனை ரூபாய்?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இல் அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் உண்டு: 110, 111. முதலாவது பிரிவு, ஒரு கிராம ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறது. சாலை, தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, குடிநீர், சுடுகாடு, இடுகாடு என்று அந்தப் பட்டியல் போகும். இரண்டாவது பிரிவு, ஊராட்சி நினைத்தால் செய்துகொள்ளலாம் என்று விட்டுவைத்த வேலைகளின் பட்டியல். படிப்பகம் இதில்தான் இருக்கிறது. விளையாட்டுத் திடல், பூங்கா, விளையாட்டு மன்றம், உடற்பயிற்சி நிலையம் எல்லாம் இதில்தான். அவற்றோடு ஒரே வரியில், வானொலிப் பெட்டி வைத்துப் பராமரிப்பதும் வருகிறது.

ஊர்ப் பொது வானொலி வழக்கொழிந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. அதனோடு சேர்த்து உட்காரவைக்கப்பட்ட இளைஞர்கள் மட்டும் சட்டத்தில் இன்னும் அதே இடத்தில் இருக்கிறார்கள். செய்தால் நல்லது; செய்யாவிட்டால் கேட்பாரில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சித் தலைவரை வழிமறித்துக் கேட்க முடியும். சட்டமும் கேட்பவர் பக்கம் நிற்கும். திடலில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறதே என்று கேட்டால், “நிதி இல்லை தம்பி” என்று அவர் போய்க்கொண்டே இருக்கலாம்.

நிதி இல்லை என்பது பாதி உண்மை. ஊராட்சியின் வரவு செலவை அருகிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மின்கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் என்றே ‘இரண்டாம் கணக்கு’ தனியாக இருக்கிறது. மேல்நிலைத் தொட்டி இயக்குபவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் மாதம் தவறாமல் கொடுத்தாக வேண்டும். கோடையில் மோட்டார் காயில் எரிந்துபோனால் அன்றைக்கே கட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலிக்குடங்கள் சாலைக்கு வந்துவிடும். பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு பல்பு, உடைந்த குழாய் என்று மிச்சமும் கரைந்த பிறகு, மீதியில் பையன்களுக்கு ஒரு வலை வாங்கிக் கொடுக்கலாம் என்று தலைவர் நினைத்தாலும், ஊராட்சி செயலர் தயங்குவார். எந்தத் தலைப்பில் எழுதுவது? தணிக்கையில் யார் பதில் சொல்வது?

அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம், ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களாகப் பதினோராம் அட்டவணையில் 29 இனங்களைத் தந்தது. வேளாண்மை, மீன்வளம், காதி, சிறு பாசனம், நூலகம், கலை நிகழ்வுகள், சந்தையும் திருவிழாவும், மகளிர் மற்றும் குழந்தை மேம்பாடு எல்லாம் இருக்கின்றன. விளையாட்டு இல்லை. இளைஞர் என்று ஒரு இனமும் இல்லை. அதே காலத்தில் நகர்ப்புறத்துக்காக வந்த பன்னிரண்டாம் அட்டவணையில் பூங்காவும் விளையாட்டுத் திடலும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. ஏன் இந்த வேறுபாடு என்று தெளிவான காரணம் தெரியவில்லை. கிராமத்தில்தான் வெட்டவெளி நிறையக் கிடக்கிறதே என்று நினைத்திருக்கலாம்.

இந்த விடுபடல் வெறும் எழுத்துப் பிழையாக நின்றுவிடவில்லை. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60% குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. குடிதண்ணீருக்கு முதலிடம் கொடுத்ததில் எனக்குப் புகார் இல்லை. மீதி 40%-ஐ ஊர் தன் தேவைப்படி செலவிட முடிந்தது, ஆனால் அந்தத் தேவை 29 இனங்களுக்குள் அடங்க வேண்டியிருந்தது. சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் அதைத் தொடக் கூடாது என்றது விதி. ‘சமூகச் சொத்துகளைப் பராமரித்தல்’ என்ற கடைசி இனத்தில் திடலை நுழைத்துவிடச் சாமர்த்தியமுள்ள தலைவர்களுக்குத் தெரியும். பயிற்சியாளரை நுழைக்க எந்தச் சாமர்த்தியத்தாலும் முடியாது. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு இப்போது கொடுக்கப்பட்டிருக்கும் ஒன்பது கருப்பொருள்களைப் பார்த்தாலும் குழந்தைகளுக்கு உகந்த ஊராட்சி உண்டு, மகளிருக்கு உகந்த ஊராட்சி உண்டு. பதினைந்து வயதுப் பையன் குழந்தையிலும் சேராமல் குடும்பத் தலைவனிலும் சேராமல் இடையில் விழுந்துபோகிறான். அதே வயதுப் பெண் ‘மகளிர்’ என்ற தலைப்பில் வருகிறாள், ஆனால் அங்கே அவளுக்கு முன்னால் சுய உதவிக் குழு நிற்கிறது.

பெட்டியாக வரும் பணம்

அப்படியென்றால் இளைஞருக்கு அரசு செலவே செய்யவில்லையா? செய்கிறது, நிறையவே செய்கிறது. எல்லாம் மேலிருந்து இறங்கி வருகிறது.

2006-க்கும் 2011-க்கும் இடையில் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் நூலகக் கட்டடம் வந்தது, பல இடங்களில் திடலும் வந்தது. அடுத்த ஆட்சியில் அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் வந்தன. 2020-இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது. 2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்தது: 33 வகைப் பொருள்கள், 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள், 86 கோடி ரூபாய். சட்டமன்றத் தொகுதிதோறும் சுமார் 3 கோடியில் சிறு விளையாட்டரங்கம் வருகிறது. ஆட்சி மாறினால் பெயர்ப் பலகை மாறுகிறது. செலவின் குணம் மாறுவதில்லை. எல்லாம் ஒருமுறைச் செலவு, எல்லாம் பொருளாகவோ கட்டடமாகவோ வரும் செலவு. திறந்துவைக்க ஒரு விழாவும் கல்வெட்டும் கிடைக்கும் செலவு.

86 கோடியை ஊராட்சிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் ஊருக்கு ஏறத்தாழ 69 ஆயிரம் ரூபாய். கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். சொந்தமாக ஒரு கிரிக்கெட் மட்டை வாங்க முடியாத பிள்ளைகள் இருக்கும் ஊர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால், நாள்தோறும் ஆடப்படும் வாலிபால் ஒரு வருடம் தாங்கினால் அதிசயம். அது கிழிந்த பிறகு அடுத்ததை யார் வாங்குவது? மாலை நான்கரைக்கு அறையைத் திறந்து பொருளை எடுத்துக் கொடுத்து, இருட்டிய பிறகு எண்ணி வாங்கி வைப்பது யார்? பெரிய பையன்களே வலையைப் பிடித்துக்கொண்டால், ஏழாம் வகுப்புப் பெண்களுக்கு அரைமணி நேரம் பிடுங்கிக் கொடுப்பது யார்? இந்த ஆளுக்கான சம்பளம் எந்தத் திட்டத்திலும் இல்லை.

அண்ணா மறுமலர்ச்சி நூலகங்களுக்கும் நேர்ந்தது இதுதான். கட்டடத்துக்கு லட்சங்களில் செலவழித்தோம். திறந்து மூடுபவருக்கு மாதம் சில நூறு ரூபாய் மதிப்பூதியம் வைத்தோம், அதையும் ஊராட்சி தன் பொது நிதியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். சில வருடங்களில் பல கட்டடங்கள் பூட்டிய கதவோடு நின்றன. பிறகு அவற்றைச் சீரமைக்கவே மறுபடியும் செலவழிக்க வேண்டியிருந்தது.

ஆளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிய திட்டம் ஒன்று இருந்தது. 2008-இல் ஒன்றிய அரசு தொடங்கிய அதை நம் பள்ளிக்கூடங்களில் ‘பைக்கா’ என்றுதான் சொல்வார்கள். பைக்கா போட்டியில் ஓடிய பிள்ளைகள் இன்று முப்பது வயதை எட்டியிருப்பார்கள். அதில் ஒரு கிராம ஊராட்சிக்குத் திடல் அமைக்க ஒரு லட்சம் ரூபாய், ஐந்து வருடங்களுக்கு ஆண்டுதோறும் உபகரணம் வாங்க 10,000 ரூபாய், நடத்துவதற்கு 12,000 ரூபாய். அந்தப் பன்னிரண்டாயிரத்தில் பாதி ‘கிரீடாஸ்ரீ’ என்று பெயரிட்ட உள்ளூர்த் தன்னார்வலருக்கு மாதம் 500 ரூபாய் வீதம் போனது. தொகையைச் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் கணக்குப் போட்டவர் விஷயம் தெரிந்தவர். இடம், பொருள், ஆள் என்று மூன்றுக்கும் தனித்தனியாகப் பணம் வைத்தார். பொருளுக்கும் ஆளுக்கும் வருடா வருடம் வைத்தார். பணம் போய்ச் சேர வேண்டிய இடமாக ஊராட்சியை எழுதினார். 2014-இல் அந்தத் திட்டம் பெயர் மாறியது, பிறகு ‘கேலோ இந்தியா’வில் கரைந்தது. கேலோ இந்தியாவின் கண் பதக்கத்தில் இருக்கிறது. ஆயிரம் பேரில் ஒருவரைக் கண்டெடுத்து வளர்ப்பது நல்ல வேலைதான். அந்த ஆயிரம் பேரும் ஆடுவதற்கு ஊரில் ஓர் ஏற்பாடு இருந்தால்தான் கண்டெடுக்க ஒருவர் இருப்பார்.

வடசென்னையின் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அரசு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது, உரிய மரியாதை. அவருக்குப் பலகையையும் பயிற்சியையும் தந்தது ஆட்டோ ஓட்டும் அவருடைய தந்தை. வென்ற பிறகு தரும் கோடியில் நூற்றில் ஒரு பங்கை, வெல்வாரா தோற்பாரா என்று தெரியாத காலத்தில், அந்தத் தெருவில் கேரம் தட்டும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பொதுவாகச் செலவழிக்க மாநகராட்சியின் கணக்கில் ஒரு தலைப்பு இருக்கிறதா?

அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள்?

ஊர்ப் பணம் வராத இடம் காலியாகக் கிடப்பதில்லை. தென்மாவட்டத்திலோ டெல்டாவிலோ ஏதாவது ஒரு கபடிப் போட்டியின் சுவரொட்டியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். முதல் பரிசு வழங்குபவர் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். இரண்டாம் பரிசு மனை விற்பவர். கோப்பை, ஊரிலிருந்து சிங்கப்பூர் போனவர். மின்விளக்கும் ஒலிபெருக்கியும் இன்னொருவர். மேலே, எல்லாருக்கும் மேலே, ஒரு தலைவரின் படம். எந்தத் தலைவர் என்பதை வைத்து அது எந்தத் தெருவின் அணி, எந்தத் தெருப் பையன்கள் அந்தத் திடலில் இறங்கமாட்டார்கள் என்று சொல்லிவிடலாம்.

ஜெர்சி வாங்கிக் கொடுப்பவர் அதில் தன் நிறத்தைப் பதிக்கிறார். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. நற்பணி மன்றம், ரசிகர் மன்றம், சாதிச் சங்கத்தின் இளைஞர் அணி எல்லாம் பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்றைத் தருகின்றன: கூடுவதற்கு ஓரிடம், செய்வதற்கு ஒரு வேலை, பேர் சொல்லிக் கூப்பிட ஓர் அண்ணன். பதினாறு வயதில் இந்த மூன்றும் யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தோன்றும். கொடுத்தவர் பின்னால் என்ன கேட்பார் என்று அந்த வயதில் யோசிக்க முடியாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை என்ற பரிந்துரையைப் பற்றித்தான் அதிகம் விவாதித்தோம். பள்ளி வாசலில் கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம். சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு அந்தப் பையன் எங்கே போய் உட்காருகிறான் என்பது பள்ளிக் கல்வித் துறையின் கையில் இல்லை. அது ஊரின் பொறுப்பு. ஊராட்சியின், பேரூராட்சியின், நகராட்சியின் பொறுப்பு. எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரக்கூடிய, எந்தத் தலைவரின் படமும் மாட்டாத ஓரிடத்தைப் பொதுப் பணத்தால் மட்டுமே நடத்த முடியும். நன்கொடையால் முடியாது. நன்கொடையாளரின் தெரு எது என்பது ஊருக்கே தெரியும்.

இதற்கெல்லாம் செலவழித்தால் பலன் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்பவர்கள் இலண்டனைப் பார்க்கலாம். சிக்கன நடவடிக்கை என்று இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் 2010-க்குப் பிறகு இளைஞர் பணிக்கான செலவை வெட்டின. இலண்டனில் 2010-க்கும் 2019-க்கும் இடையில் இளைஞர் மன்றங்களில் ஏறத்தாழ 30% மூடப்பட்டன. மூடிய பகுதிப் பிள்ளைகளையும் மூடாத பகுதிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு, அங்குள்ள நிதி ஆய்வு நிறுவனத்துக்காகக் கார்மென் வில்லா என்ற பொருளியலாளர் செய்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. மன்றத்தை இழந்த பகுதிகளில் பதினாறு வயதுப் பொதுத்தேர்வு மதிப்பெண் சரிந்தது. பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் குற்றத்தில் ஈடுபடும் வாய்ப்பு 14% கூடியது. ஏழைப் பிள்ளைகளுக்கே அடி பலமாக விழுந்தது. ஒரு பவுண்டு மிச்சம்பிடித்ததற்கு மூன்று பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. இத்தனைக்கும் அந்த மன்றங்களில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. டேபிள் டென்னிஸ் மேசை, கொஞ்சம் இசை, வீட்டுப்பாடத்துக்கு ஒரு மூலை, பெயர் தெரிந்த ஒரு பணியாளர். அவ்வளவுதான்.

நம் ஊரில் இப்படி ஓர் ஆய்வு செய்ய முடியாது. மூடுவதற்கு முதலில் திறந்திருக்க வேண்டுமே.

எல்லைக்கு அப்பால்

இலண்டன் தூரம் என்றால் கர்நாடகம் பக்கம்தான். அங்கே கிராம ஊராட்சி நூலகங்கள் நூலகத் துறையிடம் இருந்தன. 2019-இல் அவற்றை ஊரக வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்து ராஜ் துறைக்கு மாற்றினார்கள். 5,600-க்கும் மேற்பட்ட நூலகங்கள். வெறும் அலுவலக மாற்றம் போலத் தோன்றும். ஆனால் அதற்குப் பிறகு அந்த நூலகத்தின் கூரை ஒழுகினால் அது ஊராட்சியின் கூரை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த 2020 நவம்பரில், குழந்தைகளை இலவச உறுப்பினராகச் சேர்க்கும் இயக்கத்தை அந்த நூலகங்கள் வழியாகவே தொடங்கினார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்தார்கள். இப்போது அவை ‘அறிவு கேந்திரங்கள்’. கணினி, போட்டித் தேர்வுப் புத்தகம், இணைய வசதி என்று வளர்ந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கென்று தனிக் கிராம சபை கூட்டுவதையும் கர்நாடகம் பல வருடங்களாகச் செய்து வருகிறது. வாக்குரிமை இல்லாத பதினாலு வயதுக்காரி எழுந்து, “கழிப்பறை இல்லாத திடலில் நாங்கள் எப்படி ஆடுவது?” என்று கேட்க ஒரு சபை.

கேரளம் வேறொரு வழியில் போனது. 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். கொடுத்ததோடு விடாமல், அதில் 10% மகளிர் மேம்பாட்டுக்கு என்று கட்டாயமாக்கினார்கள். முதல் சில வருடங்கள் அந்தப் பத்து விழுக்காட்டை எப்படிச் செலவழிப்பது என்று தெரியாமல் ஊராட்சிகள் தடுமாறின. பணம் ஒதுக்கியாகிவிட்டதால் பிறகு யோசித்தே தீர வேண்டியதாயிற்று. இளைஞர்களுக்கு அங்கே ‘கேரளோற்சவம்’ இருக்கிறது. பதினைந்து வயது முதல் நாற்பது வயது வரை உள்ளவர்களுக்கான கலை, விளையாட்டுப் போட்டிகள் கிராமப் பஞ்சாயத்தில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும். கிராம அளவுப் போட்டியை நடத்துவது பஞ்சாயத்தின் வேலை. அந்த மாநிலத்தின் பஞ்சாயத்துச் சட்டத்தில் திடல் அமைப்பது ஊராட்சியின் பணிப் பட்டியலிலேயே இருக்கிறது. அங்கும் குறைகள் உண்டு. வெளிநாட்டுக்குப் பறக்கத் துடிக்கும் கேரளத்து இளைஞரைத் திருவிழாவால் நிறுத்திவைக்க முடியவில்லை. ஆனாலும், எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி அங்கே ஒரு செயலரைத் தடுப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கும் சொந்தமாக ஒரு முன்மாதிரி உண்டு, அதை மறந்துவிட்டோம். 1948-இல், எஸ்.ஆர்.அரங்கநாதனின் உழைப்பாலும் கல்வி அமைச்சராக இருந்த தி.சு.அவினாசிலிங்கத்தின் முயற்சியாலும் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், வீட்டு வரியோடு நூலக வரியையும் வசூலிக்கச் சொன்னது. இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. ஓர் ஊராட்சியில் வீட்டு வரி மூன்று லட்சம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேல் முப்பதாயிரம் ரூபாய் படிப்புக்கென்றே ஒதுங்கிவிடும். உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் தர வேண்டும். பல உள்ளாட்சிகள் வசூலித்ததை ஒழுங்காகத் தராமல் பாக்கி வைப்பது பழைய கதை. ஆனாலும் மாநிலத்தில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் எழுபது வருடங்களைத் தாண்டியும் இயங்குவதற்கு, எந்த அமைச்சரின் தயவையும் எதிர்பார்க்காத இந்தப் பத்துக் காசும் ஒரு காரணம். விளையாட்டுக்கும் இளைஞர் பணிக்கும் அப்படி ஒரு காசு கிடையாது.

ஆள் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2021 அக்டோபரில் மரக்காணத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் மாதம் 1,000 ரூபாய்க்கு ஊர்ப் பெண்கள் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தெரு நம்பியது, அந்தத் தெருவின் பெண் என்பதால் நம்பியது. கட்டடம் ஒன்றுகூடக் கட்டாமல் நடந்த காரியம் அது. ஆனால் அது பள்ளிக் கல்வித் துறையின் திட்டம், எட்டாம் வகுப்போடு நின்ற திட்டம்.

ஊருக்கு ஓர் ஆள் என்பதில் இன்னொரு பாடமும் நமக்கு உண்டு, கசப்பானது. 1989-90இல் படித்து வேலையில்லாத இளைஞர்களை மக்கள் நலப் பணியாளர்களாக ஊர்தோறும் அமர்த்தினார்கள். 1991-இல் ஆட்சி மாறியது, வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மீண்டும் எடுக்கப்பட்டார்கள், 2001-இல் மீண்டும் நீக்கம். 2006-க்குப் பிறகு வேலை, 2011-இல் 13,000-க்கும் மேற்பட்டோர் ஒரே உத்தரவில் வெளியே. உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்து, 2022-இல் மாதம் 7,500 ரூபாய்க்கு நூறு நாள் வேலைத் திட்ட ஒருங்கிணைப்பாளர்களாகத் திரும்ப அழைக்கப்பட்டபோது பலருக்குத் தலை நரைத்திருந்தது. கோட்டையிலிருந்து அமர்த்தும் ஆளைக் கோட்டை மாறும்போது நீக்கிவிடலாம். ஊராட்சி தன் பணத்தில், தன் தீர்மானத்தில் அமர்த்தும் ஆளை அப்படிச் செய்வது அவ்வளவு சுலபம் இல்லை.

திடலுக்கு நுழைவுக் கட்டணம்

நகரத்தின் கதை கொஞ்சம் வேறு. அங்கே பணமும் சட்டத்தில் இடமும் இருக்கின்றன. நகராட்சிகள் கட்டிய ‘நூலகம் மற்றும் அறிவுசார் மைய’ங்களில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பெண்கள் காலையிலிருந்தே இடம் பிடித்து உட்கார்ந்திருப்பதைக் காணலாம். வீட்டில் படிக்க ஒரு மூலை இல்லாதவர்கள். வெளியே போகிறேன் என்று சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்கும் வீடு, நகராட்சி நூலகம் என்றால் அனுப்பிவைக்கிறது. சமீப காலத்தில் இளைஞருக்கென்று உள்ளாட்சிகள் செய்த செலவில் இதுவே மிகச் சிறந்தது என்பேன். காரணம், கட்டடத்தோடு நின்றுவிடாமல் அதை நடத்தும் பொறுப்பும் நகராட்சியிடம் இருக்கிறது.

அதே நகரத்தில் எதிர்த்திசையில் ஓர் இழுப்பும் இருக்கிறது. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம், செயற்கைப் புல் பதித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துப் பிள்ளைகள் காலணி இல்லாமல் ஆடிப் பழகிய ஆட்டம் கால்பந்து. எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள், நல்லது. ஆனால் அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்துப் புல் பதித்தாயிற்று, பராமரிக்கத் தொடர் நிதி இல்லை. அதனால் வாடகைக்கு விடலாம் என்று தோன்றுகிறது. கிராமத்தில் பூட்டு, நகரத்தில் டிக்கெட். இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்: கட்டுவதற்குப் பணம் வைத்தவர்கள் நடத்துவதற்கு வைக்கவில்லை.

செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. 111-ஆவது பிரிவில் இருக்கும் படிப்பகத்தையும் திடலையும் 110-ஆவது பிரிவுக்கு நகர்த்தச் சட்டமன்றத்துக்கு ஒரு சிறு திருத்தம் போதும். வானொலிப் பெட்டி அங்கேயே இருக்கட்டும். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10% உள்ளாட்சிகளுக்கு என்பது தமிழ்நாட்டில் நெடுநாளாக இருக்கும் ஏற்பாடு. அந்த வருவாய் இப்போது ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. பத்தில் ஒரு பங்கு 15,000 கோடி. அதில் நூற்றுக்கு இரண்டு, ஏறத்தாழ 300 கோடி, ஆண்டுதோறும் இளைஞர் பணிக்கு என்று கட்டாயமாகட்டும். இதில் செங்கல்லோ சிமென்டோ வாங்கக் கூடாது என்றும் ஆணையிலேயே எழுதட்டும். ஆளுக்கும், பந்துக்கும், புத்தகத்துக்கும், மாலை விளக்குக்கும் மட்டும். கட்டடம் கட்ட வேறு பணம் எப்போதும் கிடைக்கும். கமிஷன் கிடைக்கிற இடத்தில் நிதிக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

இந்தப் பணத்தை ஊராட்சித் தலைவர் தன் மச்சான் பையனுக்குச் சம்பளமாகக் கொடுத்துவிட மாட்டாரா? கொடுப்பார், சில ஊர்களில். தெருவிளக்கு ஒப்பந்தத்திலும் அது நடக்கிறது. அதற்காகத் தெருவிளக்கே வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை. அமர்த்தும் பெயரைக் கிராம சபையில் படித்துக் காட்டட்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சபை புதுப்பிக்கட்டும். ஊரும் சேரியும் தனித்தனி ஊராட்சித் திடல் கேட்கும் இடங்களில் ஒரே திடலுக்கு மட்டுமே பணம் என்று விதி போடட்டும். வாரத்தில் சில மாலைகள் பெண்களுக்கு மட்டும் என்று பலகையில் எழுதி வைக்கட்டும். இதெல்லாம் ஓர் அரசாணையின் நீளம்தான்.

இன்னொரு தடையைச் சொல்லாமல் விட முடியாது. 2016-இலிருந்து 2019 வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களின் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலருக்குத் தெருவிளக்கைப் போட்டுவிட்டுப் போவதே பெரும்பாடு. எந்தத் தெருப் பையன் எந்தத் திடலில் இறங்க முடியவில்லை என்பது அவர் கவலையில் வராது. முதல்முறை வாக்களிக்கும் வயதுக்கு வந்தவர்களின் தேவையை, வாக்குக் கேட்டு வராத ஒருவர் எதற்காகக் கேட்க வேண்டும்?

வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் நாளில் போய், கடந்த நிதியாண்டில் இந்த ஊராட்சி பதினைந்து முதல் இருபத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கென்று எத்தனை ரூபாய் செலவழித்தது என்று கேளுங்கள். பூஜ்ஜியம் என்றாலும் பரவாயில்லை, அந்தப் பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதவைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.